எட்டும் நாற்பத்து நாலும்

2006ஆம் வருடம் காணும் பொங்கலன்று மதியச் சாப்பாடு முடிந்ததும், நெல்லிக்குப்பம் ராஜமாணிக்கம் தன் இரண்டு மருமகன்களையும் எதிரில் உட்கார வைத்து ஆளுக்கொரு கேமரா கொடுத்தார். அவர் நெய்வேலியில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபதுகளில் அங்கே வேலைக்கு வந்திருந்த ரஷ்யப் பொறியாளர்கள் இரண்டு பேர், ஊருக்குத் திரும்பும்போது அவரிடம் கொடுத்துவிட்டுப் போனவை அவை. நாற்பது வருடத்தில் அவர் அவற்றில் ஒரு படம்கூட எடுத்ததில்லை. வருடத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து, கழற்றி, துடைத்து, மாட்டி, மறுபடியும் பீரோவில் வைத்துவிடுவார்.

“ரெண்டுமே ரஷ்யாக்காரன் சாமான் மாப்ள. கீழ போட்டா தரைதான் உடையும்” என்றார்.

மூத்த மருமகன் ஞானசேகரனுக்கு ஜோர்க்கி என்ற கேமரா வந்தது. இளையவர் திருநாவுக்கரசுக்கு ஜெனிட். இரண்டிலும் லென்ஸைச் சுற்றி ரஷ்ய எழுத்துகள் இருந்தன. அவர்களால் படிக்க முடிந்தது எண்களை மட்டும்தான். ஜோர்க்கியின் லென்ஸில் 44 என்றும், ஜெனிட்டின் லென்ஸில் 8 என்றும் இருந்தது.

ஞானசேகரன் கடலூர் மஞ்சக்குப்பத்தில் குடியிருந்தார். பொதுப்பணித் துறையில் வரைவாளர். திருநாவுக்கரசுக்குச் சிதம்பரத்தில் கஞ்சித்தொட்டி பக்கம் உரம், பூச்சிமருந்துக் கடை. சகலைகள் இருவருக்கும் பேச்சில் மரியாதை குறையாது. ஆனால் ஒருவர் வீட்டு மிக்சி எத்தனை வாட்ஸ் என்பது மற்றவருக்கு வாங்கிய வாரமே தெரிந்திருக்கும். அன்று மாலை பஸ் ஏறுவதற்குள் இரண்டு கேமராவையும் கையில் தூக்கி எடை பார்த்துவிட்டார்கள்.

“என்னுது லென்ஸ் வழியாவே பாக்குறது சகல. என்னா தெரியுதோ அதான் படம்” என்றார் திருநாவுக்கரசு.

“என்னுதுல பாக்குறதுக்குத் தனியா ஒரு ஜன்னல் இருக்குது. நடுவுல மஞ்சளா ஒரு வட்டம். அதுக்குள்ள ஆளு ரெண்டா தெரிவாரு. லென்ஸத் திருப்புனா ரெண்டும் நகந்து ஒண்ணாவுமாம். ஒண்ணாச்சுன்னா ஃபோகஸ் ஆச்சுன்னு அர்த்தம். இது கொஞ்சம் மூளை இருக்குறவன் பண்ண கேமரா” என்றார் ஞானசேகரன்.

வீட்டுக்கு வந்து பார்த்தபோது ஆள் இரண்டாகத்தான் தெரிந்தார். லென்ஸை எவ்வளவு திருப்பினாலும் ஒன்றாகவில்லை. மனைவி வெண்மதியை வாசலில் நிறுத்திப் பார்த்தார், இரண்டு வெண்மதி. தெருமுனை வரை போகச் சொல்லிப் பார்த்தார், அப்போதும் இரண்டு. வெண்மதி பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. “திருத்துறதுக்கு எம்பது பேப்பர் கெடக்குது, நான் ஒருத்தியாவே இருந்துட்டுப் போறேன்” என்று சொல்லி உள்ளே போய்விட்டார்.

கோளாறு கேமராவில் இருக்கும் என்று ஞானசேகரனுக்குத் தோன்றவே இல்லை. மாமனார் கொடுத்தது. கீழே போட்டால் தரைதான் உடையும். அடுத்த வாரமே கண் டாக்டரிடம் போனார்.

“எப்பலேர்ந்து ரெண்டு ரெண்டா தெரியுது?”

“பொங்கல்லேர்ந்து டாக்டர்.”

“என்னைப் பாத்தா?”

“நீங்க ஒருத்தர்தான்.”

“செவுத்துல இருக்குற கடிகாரம்?”

“அதுவும் ஒண்ணுதான்.”

“அப்ப எதுதான் ரெண்டா தெரியுது?”

ஞானசேகரன் பையிலிருந்து ஜோர்க்கியை எடுத்து நீட்டினார். டாக்டர் அதைக் கண்ணில் வைத்து, மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டிருந்த நர்ஸைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். “எனக்கும் ரெண்டுதான் தெரியுது” என்றார். பிறகு, வந்தவரை வெறும் கையோடு அனுப்பக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, நாற்பத்து மூன்று வயதுக்குப் பொருத்தமாக ஒரு வெள்ளெழுத்துக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்.

கண்ணாடி போட்டும் படம் தெளியவில்லை. லாரன்ஸ் ரோட்டில் கலர் லேப் வைத்திருந்த கொளஞ்சியப்பன் முதல் ரோலைக் கழுவிவிட்டு, ஞானசேகரனைத் தனியாகக் கூப்பிட்டார்.

“சார், நான் நல்லாத்தான் கழுவுனேன். உள்ள யாரும் இல்ல சார். பொகதான் இருக்குது.”

“எல்லாத்துலயுமா?”

“ஒண்ணுல மட்டும் பொக சேப்பா இருக்குது. வீட்ல சேப்புப் பொடவ கட்டியிருந்தாங்களா?”

ஞானசேகரன் ரோலை மாற்றினார். வெயிலில் எடுத்தார், நிழலில் எடுத்தார். கை நடுங்குகிறதோ என்று மூச்சை அடக்கிக்கொண்டு எடுத்தார். ஃபிலிமைச் சுற்றிய பிறகுதான் ஷட்டர் வேகத்தை மாற்ற வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அதையும் ஒழுங்காகச் செய்தார். நான்கு ரோலும் புகை.

மே மாதம் திருவந்திபுரத்தில் ராஜமாணிக்கத்தின் தம்பி பேத்திக்குக் காதுகுத்து. சகலைகள் இருவரும் கேமராவோடு வந்தார்கள். ஞானசேகரன் கூட்டத்துக்கு முன்னால் நின்று மொத்தக் குடும்பத்தையும் எடுத்தார். திருநாவுக்கரசு நேராகக் குழந்தையிடம் போய், அதன் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் கேமராவை வைத்தார். ஊசியைப் பார்ப்பதற்கு முன்பே குழந்தை அலற ஆரம்பித்தது.

படங்கள் வந்தபோது ஞானசேகரனின் குடும்பப் படத்தில் பல நிறங்களில் புகை இருந்தது. திருநாவுக்கரசின் படம் முப்பத்தாறும் காது. புதுக் கம்மலின் கல், மடலில் ஒரு துளி ரத்தம், கன்னத்திலிருந்து வழிந்து காதோரம் நின்ற கண்ணீர், எல்லாம் தொட்டு எடுக்கலாம் போல இருந்தன. ராஜமாணிக்கம் அதில் ஒன்றைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வைத்து, வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார். யாருடைய காது என்று ஒருவரும் கேட்கவில்லை.

“நம்ம கேமரா ஒரு சாண் தூரத்துல இருந்தாதான் பேசும் சகல. தள்ளிப்போனா ஒண்ணும் தெரியாது. இது சயின்ஸ் கேமரா, வெவரம் தெரிஞ்சவங்களுக்குப் பண்ணது” என்றார் திருநாவுக்கரசு. லென்ஸ் வழியாகவே பார்க்கும் கேமரா என்பதால், எது தெளிவாகத் தெரிந்ததோ அதை மட்டும் எடுத்தார். அந்த விதத்தில் அவருக்கு ஒரு கஷ்டமும் இல்லை.

ஞானசேகரன் விடுகிற ஆள் இல்லை. சனிக்கிழமைகளில் மஞ்சக்குப்பம் பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தார். யாரோ ஒரு வெள்ளைக்காரர் பழைய ரஷ்யக் கேமராக்களை எல்லாம் ஒப்பிட்டு இணையத்தில் எழுதி வைத்திருந்தார். ஃபெட், ஜோர்க்கி, கியெவ் என்று மூன்று குடும்பம். ஃபெட்டின் லென்ஸ் ஜோர்க்கிக்கு ஏறும், ஜோர்க்கியினுடையது ஃபெட்டுக்கு ஏறும், இரண்டுக்கும் ஒரே திருகு மரை. ரொம்பப் பழைய ஃபெட்டில் மட்டும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், அதில் ஒவ்வொரு கேமராவுக்கும் அதனதன் லென்ஸைத் தனித்தனியாகப் பொருத்தியிருக்கிறார்கள். கியெவ்வுக்கு மரையே கிடையாது, அதன் லென்ஸைச் சொருகித் திருப்ப வேண்டும், அதனால் இந்த இரண்டோடும் அதற்குச் சம்பந்தமில்லை. ஞானசேகரன் இதையெல்லாம் பதினொரு பக்கம் அச்செடுத்துக்கொண்டார். பன்னிரண்டாம் பக்கம் ஜெனிட்டைப் பற்றியது. சகலையின் கேமரா நமக்கெதற்கு என்று அதை மட்டும் விட்டுவிட்டார்.

“பாரு வெண்மதி, மரை ஒண்ணா இருந்தா லென்ஸ் சேரும்னு எழுதியிருக்கான். நம்ம லென்ஸ் மரையில அழகா உக்காருது. அப்ப லென்ஸ் சரிதான்” என்றார் வீட்டுக்கு வந்து.

வெண்மதி காலாண்டுத் தேர்வுத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தினார். “லென்ஸுக்குப் பின்னாடி எவ்ளோ தூரத்துல பிம்பம் விழுதுன்னு பாத்தீங்களா?”

“அதெல்லாம் ஃபேக்டரியிலயே பாத்திருப்பான்.”

“ஃபேக்டரியில பாத்தது இந்த லென்ஸத்தானா?”

வெண்மதி எழுந்து வந்து கேமராவின் பின்மூடியைக் கழற்றினார். கணவரின் அலுவலகப் பையிலிருந்து டிரேசிங் பேப்பரில் ஒரு துண்டு வெட்டி, ஃபிலிம் ஓடும் இடத்தில் ஒட்டினார். ஷட்டரைத் திறந்து பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கேமராவை எதிர்வீட்டுத் தென்னைமரத்துக்கு நேரே காட்டினார். காகிதத்தில் பச்சையாக ஒரு கறை விழுந்தது. பிறகு லென்ஸைத் திருகிக் கழற்றி, அதே நேர்க்கோட்டில் மெல்ல முன்னால் நகர்த்தினார். கறை சுருங்கியது. சட்டென்று தென்னைமரம் தலைகீழாக, ஒவ்வொரு கீற்றும் தனித்தனியாக, காகிதத்தில் வந்து நின்றது.

“அப்படியே பிடிங்க” என்று சொல்லி, கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே ஸ்கேலை வைத்து அளந்தார். “பதினாறு மில்லி, அதுக்கு மேல ஒரு பொட்டு. இந்த லென்ஸ் இன்னும் இவ்ளோ தள்ளி உக்கார வேண்டியதுங்க. மரை ஒண்ணுதான், தூரம் வேற. இது ஜெனிட்டோட லென்ஸா இருக்கும். இதால மஞ்ச வட்டத்தையும் நகத்த முடியாது, அதான் எல்லாரும் ரெண்டா தெரியுறாங்க.”

“அப்ப அவருகிட்ட இருக்குற எட்டு?”

“அது உங்களுது. அதுல போயி தேவைக்கு மேல தள்ளி உக்காந்திருக்குது. அதனாலதான் அவருக்குக் கிட்ட இருக்குறது மட்டும் தெரியுது.”

“இத ஏன் நீ பொங்கல்லயே சொல்லல?”

“நீங்க கேக்கலையே. டாக்டர்கிட்டதான கேட்டீங்க.”

ஞானசேகரனுக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது. கண்ணும் சரி, கையும் சரி. அந்தச் சந்தோஷம் அடங்கியதும், முப்பத்தாறு காதும் நினைவுக்கு வந்தன. அந்தக் காதுகள் நியாயப்படி தன்னுடையவை என்று தோன்றியது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, 44ஐத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினார். புதுச்சத்திரம் தாண்டும் வரை, பேச வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார்.

திருநாவுக்கரசின் கடை அடையாளம் தெரியாமல் மாறியிருந்தது. சுவர் முழுக்கப் பெரிதாக்கிய புழுக்கள். இலைச்சுருட்டுப் புழு, குருத்துப் பூச்சி, கரும்பைத் துளைக்கும் புழு, ஒவ்வொன்றுக்கும் கீழே பெயரும் அதற்கான மருந்தும். லால்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு விவசாயி, பாலித்தீன் பையில் கொண்டுவந்த நெற்பயிரைக் காட்டினார். திருநாவுக்கரசு ஒரு குச்சியால் சுவரைத் தொட்டு, “இவனா, இல்ல அவனா பாய், நல்லாப் பாத்துச் சொல்லுங்க” என்றார். விவசாயி கண்ணைச் சுருக்கிக்கொண்டு, “இவன்தான்” என்றார். மருந்து கைமாறியது. இன்னொருவர் தீப்பெட்டிக்குள் ஒரு புழுவைப் படமெடுக்கவென்றே கொண்டுவந்து காத்திருந்தார்.

கூட்டம் குறைந்ததும் ஞானசேகரன் விஷயத்தைச் சொன்னார். டிரேசிங் பேப்பர், தென்னைமரம், பதினாறு மில்லி, எல்லாவற்றையும் சொன்னார். திருநாவுக்கரசு பொறுமையாகக் கேட்டார். தன் ஜெனிட்டிலிருந்து 8ஐக் கழற்றி 44ஐ மாட்டிப் பார்க்கவும் செய்தார்.

“அடேயப்பா. எதுத்தாப்புல டீக்கடை போர்டு தெரியுது. பஸ் தெரியுது. ரோடு முழுக்கத் தெரியுது சகல” என்றார். பிறகு கேமராவைத் தீப்பெட்டிக்கு அருகே கொண்டுபோனார். ஒரு முழத்துக்கு இந்தப் பக்கம் வந்ததும் எல்லாம் கலங்கியது. ஒரு முழத்தில் புழு நூல் போலத் தெரிந்தது. 44ஐக் கழற்றித் துணியில் சுற்றி, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

“நல்லாத்தான் இருக்குது. ஆனா ரோட்ட வெச்சு நான் என்னா பண்றது? எனக்கு எட்டே போதும்.”

“எட்டு என்னுது சகல.”

“மாமா எங்கையில குடுத்தாரு. வேணும்னா மாமாகிட்ட கேளுங்க.”

மாமனாரிடம் எப்படிக் கேட்பது? கொடுத்த பொருளில் குறை சொன்னது போல ஆகும். அது இருவருக்குமே தெரியும். மைத்துனி கனிமொழி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, “கொழந்தைங்க நல்லாப் படிக்குதுங்களா?” என்று கேட்டுவிட்டு ஞானசேகரன் அடுத்த பஸ்ஸில் திரும்பினார். வழியெல்லாம் காப்பியில் சர்க்கரை ஜாஸ்தி என்று நினைத்துக்கொண்டே வந்தார்.

வெண்மதிதான் வழி சொன்னார். “லென்ஸ் பதினாறு மில்லி தள்ளி உக்காரணும், அவ்ளோதான. நடுவுல ஒரு வளையம் போட்டாப் போச்சு. ரெண்டு பக்கமும் அதே மரை.”

ஞானசேகரன் ஒரு வாரம் உட்கார்ந்து அந்த வளையத்தை வரைந்தார். முன்தோற்றம், பக்கத்தோற்றம், மேல்தோற்றம், வெட்டுத்தோற்றம், கீழே வரைந்தவர், சரிபார்த்தவர் என்று கட்டங்கள். சரிபார்த்தவர் இடத்தில் வெண்மதி கையெழுத்துப் போட்டார். லேத் பட்டறைக்காரர் படத்தை விரித்துப் பார்த்துவிட்டு, “நான் பாலம் கட்டுறதில்ல சார்” என்றார். விளக்கிச் சொன்ன பிறகு, பித்தளையில் அரை நாளில் கடைந்து கொடுத்தார்.

அடுத்த ரோலைக் கொளஞ்சியப்பன் கழுவிவிட்டு, ஞானசேகரனின் வீட்டுக்கே போன் செய்தார். “சார், உள்ள ஆளுங்க இருக்காங்க.”

ஆனால் அந்த வளையத்தால் மஞ்சள் வட்டம் சரியாகாது. அதற்குள் ஆள் இன்னமும் இரண்டாகவே தெரிந்தார். தூரத்தை அளந்து லென்ஸில் வைத்தால்தான் படம் விழும். அதனால் ஞானசேகரன் அலுவலகத்து ஸ்டீல் டேப்பைத் தன்னோடு வைத்துக்கொள்ளத் தொடங்கினார்.

2007 பிப்ரவரியில் ராஜமாணிக்கத்துக்கு எழுபது நிறைந்தது. விசேஷம் சிதம்பரத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. ஞானசேகரன் ஒவ்வொருவரிடமும் டேப்பின் நுனியைக் கொடுத்து மூக்கருகே பிடித்துக்கொள்ளச் சொல்லி, மறுமுனையைக் கேமராவில் வைத்துப் படித்து, எண்ணை வைத்து, “டேப்ப விடுங்க, நீங்க அசையாதீங்க” என்று சொல்லிப் படமெடுத்தார். ஒரு படத்துக்கு மூன்று நிமிடம் ஆனது. வரிசை நீண்டது. விருத்தாசலத்திலிருந்து வந்திருந்த சுப்பராயலு என்ற உறவினர், பக்கத்தில் இருந்தவரிடம், “எல்லாருக்கும் அளவெடுக்குறாங்களே, துணி தைச்சுத் தரப் போறாங்களா?” என்று கேட்டுவிட்டு, தானும் போய் வரிசையில் நின்றார்.

திருநாவுக்கரசு இதையெல்லாம் தூரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது மேடையிலிருந்து மாமனார் கூப்பிட்டார்.

“சின்ன மாப்ள, நீங்களும் வாங்க. நானும் ஒங்க மாமியாரும் மாலையோட நிக்கிறோம். ரெண்டு கேமராவுலயும் ஒண்ணொண்ணு இருக்கட்டும்.”

ராஜமாணிக்கமும் மாரியம்மாளும் மாலையோடு நேராக நின்றார்கள். திருநாவுக்கரசு பத்தடி தூரத்தில் கேமராவைக் கண்ணில் வைத்தார், புகை. முன்னால் போனார்; இன்னும் புகை. ஒரு சாண் தூரத்துக்குப் போனதும் ஒரு செவ்வந்திப் பூவும் மாமனாரின் தாடையில் கால்பங்கும் அற்புதமாகத் தெரிந்தன. பின்னால் வந்தார். மறுபடி முன்னால் போனார்.

“என்னா மாப்ள, கும்மியடிக்கிறீங்களா?” என்றார் ராஜமாணிக்கம்.

“ஒரு நிமிஷம் மாமா, ரோல் மாத்திக்கினு வந்துடுறேன்” என்று சொல்லிவிட்டு, திருநாவுக்கரசு ஞானசேகரனின் கையைப் பிடித்துக் கை கழுவும் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்.

“சகல, அந்த நாப்பத்தி நாலக் குடுங்க.”

“எட்டு?”

“எடுத்துக்குங்க. மாமா முன்னாடி மானம் போவுது. ஆனா என் புழு? தை அறுப்பு முடிஞ்சிது, அடுத்து உளுந்துப் புழு வந்துடும் சகல.”

பின்னாலேயே வந்திருந்த வெண்மதி, கணவரின் கேமராவிலிருந்து பித்தளை வளையத்தைக் கழற்றித் திருநாவுக்கரசின் உள்ளங்கையில் வைத்தார். “நாப்பத்தி நாலுக்கும் உங்க கேமராவுக்கும் நடுவுல இதப் போடுங்க, புழு தெரியும். கழட்டிருங்க, ஆளு தெரியும். அவ்ளோதான்.”

திருநாவுக்கரசு வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த இடத்திலேயே மாட்டி, குழாயில் தொங்கிய நீர்த்துளியைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது. “இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் அன்னிக்கே குடுத்திருப்பேனே அண்ணி” என்றார்.

வளையத்தை எடுக்க அவர் 44ஐ மறுபடி கழற்றி, இரண்டு கேமராவும் லென்ஸ் இல்லாமல் வாயைத் திறந்துகொண்டு இருந்த நேரத்தில் ராஜமாணிக்கம் மாலையோடு அங்கே வந்து நின்றார்.

“என்னா நடக்குது இங்க?”

ஞானசேகரன் மெதுவாகச் சொன்னார். “ஒண்ணுமில்ல மாமா. தொடைக்கும்போது ரெண்டு லென்ஸும் எடம் மாறிப்போயிருக்குது. தெரியாம நடந்ததுதான்.”

“தெரியாமயா? தெரிஞ்சுதான் மாத்துனேன்” என்றார் ராஜமாணிக்கம். “எட்டு இதுலதான் இருந்துச்சு, நாப்பத்தி நாலு அதுல. மூத்த மாப்ளைக்கு எட்டு, சின்னவருக்கு நாப்பத்தி நாலுன்னு குடுத்தா நாளைக்கு ஒரு பேச்சு வராதா? மரை ஒண்ணாதான் இருந்துச்சு. பெரிய நம்பரப் பெரியவருக்குப் போட்டேன். அதுல என்னா தப்பு?”

குழாயில் தண்ணீர் சொட்டியது. ஒரு வருடமாகத் தான் கண் டாக்டரிடமும் கலர் லேபிலும் பட்ட பாடு முழுவதும், மாமனார் தனக்குச் செய்த மரியாதை என்று ஞானசேகரனுக்குப் புரிந்தது. கோபப்படலாமா என்று ஒரு கணம் யோசித்தார். எழுபது வயது மனிதர் மாலை கலைந்து, நியாயம் கேட்பவர் போல நின்றுகொண்டிருந்தார்.

“தப்பே இல்ல மாமா. எனக்குச் சின்ன நம்பரே போதும்” என்றார்.

“அது ஒங்க பெருந்தன்ம” என்று சொல்லிவிட்டு ராஜமாணிக்கம் மேடைக்குத் திரும்பினார்.

ஞானசேகரன் 8ஐ மாட்டிக்கொண்டு மேடைக்கு எதிரே நின்றார். டேப்பை எடுக்கவில்லை. மஞ்சள் வட்டத்துக்குள் இரண்டு ராஜமாணிக்கமும் இரண்டு மாரியம்மாளும் தெரிந்தார்கள். லென்ஸைத் திருப்பினார். நான்கு பேரும் நகர்ந்து வந்து, எந்தச் சத்தமும் இல்லாமல் இரண்டு பேர் ஆனார்கள். அவர் அழுத்த மறந்து பார்த்துக்கொண்டே நின்றார். மாமியார் சத்தம் போட்ட பிறகுதான் எடுத்தார். பக்கத்தில் திருநாவுக்கரசு தன் வாழ்க்கையில் முதல்முறையாக இரண்டு முழு மனிதர்களைப் படமெடுத்தார்.

அடுத்த ஞாயிறு வெண்மதியும் ஞானசேகரனும் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனார்கள். ரோலில் ஒரு படம் மிச்சம் இருந்தது. “ஒரு வருஷமா எல்லாரையும் எடுக்குறீங்க, உங்கள யாரும் எடுக்கலையே” என்று வெண்மதி கேமராவை வாங்கிக்கொண்டார். ஞானசேகரன் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, எதை முதலில் சுற்ற வேண்டும், எதைப் பிறகு திருப்ப வேண்டும், விரலை எங்கே வைக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் “அவசரப்படாத” என்று சொல்லி முடிப்பதற்குள் வெண்மதி எடுத்துவிட்டார்.

படம் மிகத் துல்லியமாக வந்தது. பின்னால் அலை, காற்றில் சட்டைக் காலர், திறந்த வாய்க்குள் கடைவாய்ப் பல்லில் அடைத்திருந்த வெள்ளி வரை தெரிந்தது. கொளஞ்சியப்பனுக்கு இருப்பு கொள்ளவில்லை. கேட்காமலேயே அதைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, லேப்பின் முகப்பில் மாட்டினார். கீழே ‘இங்கு தரமான பிரிண்ட் போடப்படும்’ என்று எழுதியும் வைத்தார்.

கழற்றச் சொல்லி ஞானசேகரன் இரண்டு முறை கேட்டுப் பார்த்தார். “உங்க கேமரா சார். உங்களுக்குத்தான பெரும” என்றார் கொளஞ்சியப்பன். மூன்றாம் முறை கேட்கவில்லை. ஆனால் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் சைக்கிளைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டி, படம் இன்னும் இருக்கிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே போவார்.